இரண்டு பிரவுசர் விண்டோக்களுக்கு நடுவே இழுத்துப் போடுவது: எந்த வழியை எடுக்கலாம்?

ஒரே பக்கத்துக்குள் ஓர் அட்டையை இங்கிருந்து அங்கே இழுத்துப் போட வைக்க லைப்ரரிகளுக்கு (தயாராக எழுதி வைத்த கோட் தொகுப்புகளுக்கு) பஞ்சமே இல்லை. அதே அட்டை வேறொரு விண்டோவில் போய் விழ வேண்டும் என்றதும் அவற்றில் பல கழன்றுகொள்ளும். தேவை ஒன்றும் அபூர்வமானதில்லை. இரண்டு மானிட்டர் வைத்து வேலை செய்கிற இடங்களில் இதை அடிக்கடி கேட்பார்கள். டெலிவரி அனுப்பும் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். இடது மானிட்டரில் இன்றைய ஆர்டர்கள், வலது மானிட்டரில் வண்டிகள். ஆர்டரைப் பிடித்து இழுத்து வண்டியின் மேல் போட்டால், அது அந்த வண்டியின் பட்டியலில் சேர வேண்டும், இடது பக்கத்திலிருந்து மறைய வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே அசைவு. உள்ளே மூன்று வேலைகள் இருக்கின்றன: விண்டோவின் எல்லையைத் தாண்டுவது, விழுந்தது என்ன என்பதை அந்தப் பக்கத்துக்குத் தெரிவிப்பது, போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதைக் கிளம்பிய பக்கத்துக்குச் சொல்வது. ஒரே ஏபிஐ (நம் கோட் கூப்பிட்டுப் பயன்படுத்தும் தயார் வசதி) மூன்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இறங்கினால் நடுவழியில் மாட்டிக்கொள்வோம்.

லைப்ரரி தேடப் போகும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். இந்த இரண்டு விண்டோக்களுக்கும் என்ன உறவு? ஒன்று மற்றொன்றை 'விண்டோ.ஓபன்' மூலம் திறந்ததா? இல்லை, ஒரே தளத்தின் இரண்டு பக்கங்களைப் பயனர் தாமாகவே தனித்தனியாகத் திறந்து வைத்திருக்கிறாரா? அல்லது இரண்டும் அந்நியமா? அந்நியம் என்றால் வேறு வேறு தளங்கள் என்று மட்டும் பொருளில்லை. ஒரே தளம் ஒரு பக்கம் குரோமிலும் மறுபக்கம் ஃபயர்பாக்ஸிலும் திறந்திருந்தாலும் அந்நியம்தான். சாதாரண விண்டோவும் இன்காக்னிட்டோ விண்டோவும் அப்படியே.

பிரவுசரே தரும் டிராக் அண்ட் டிராப்

எச்டிஎம்எல் டிராக் அண்ட் டிராப் ஏபிஐ-க்கு டெவலப்பர்களிடம் நல்ல பெயர் கிடையாது. மைக்ரோசாஃப்ட் 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல் வைத்திருந்த ஏற்பாட்டைத்தான் பின்னாளில் எச்டிஎம்எல்5 தரமாக எழுதி வைத்தது. எனவே அதன் கோணல்களும் சேர்ந்தே வந்தன. ஓர் இடத்தின் மேல் இழுபடும்போது வரும் 'டிராக்ஓவர்' ஈவென்ட்டில் (பிரவுசர் தரும் அறிவிப்பில்), பிரவுசரின் வழக்கமான செயலைத் தடுக்கும் 'பிரிவென்ட்டீஃபால்ட்' கூப்பிடாவிட்டால், விழுந்ததைச் சொல்லும் 'டிராப்' வரவே வராது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு சின்ன எலிமென்ட்டின் மேல் போகும்போதும் 'டிராக்லீவ்' வந்து, நாம் போட்டிருந்த ஹைலைட் மினுக்கும். இழுக்கும்போது தெரியும் நிழல் படத்தைத் தொடக்கத்தில் ஒருமுறை கொடுக்கலாம், நடுவில் மாற்ற முடியாது. இந்தக் குறைகளுக்காகவே பலர் இதை ஒதுக்கிவிட்டு வேறு வழி போகிறார்கள். ஒரே பக்கத்துக்குள் என்றால் நானும் அவர்கள் கட்சிதான்.

விண்டோ தாண்ட வேண்டும் என்றால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. காரணம், இந்த ஏபிஐ பிரவுசருக்குள் நடக்கும் வேலை இல்லை. இழுக்கத் தொடங்கியதும் பிரவுசர் பொறுப்பை ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுத்துவிடுகிறது. ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் இதற்கென ஓர் ஏற்பாடு உண்டு: விண்டோஸில் ஓஎல்இ, மேக்கில் பேஸ்ட்போர்ட், லினக்ஸில் எக்ஸ்டிஎன்டி அல்லது, விண்டோக்களைத் திரையில் காட்டும் வேலண்ட் அமைப்பின் சொந்த ஏற்பாடு. வேர்டிலிருந்து மெயிலுக்கு ஒரு பத்தியை இழுத்துப் போடும்போது என்ன நடக்கிறதோ அதேதான் இங்கும் நடக்கிறது. ஆகவே விண்டோ எல்லை, மானிட்டர் எல்லை, பிரவுசர் எல்லை எதுவும் அதற்குப் பொருட்டில்லை. எந்த விண்டோ மேலே இருக்கிறது, எது மறைந்திருக்கிறது என்பதையெல்லாம் சிஸ்டம் பார்த்துக்கொள்கிறது. இழுத்தபடியே வேறொரு டேபின் மேல் சற்று நிறுத்தினால் அந்த டேப் திறந்துகொள்கிறது. டாஸ்க்பாரில் நிறுத்தினால் மறைந்திருந்த விண்டோ முன்னே வருகிறது. (விண்டோஸ் 11 முதலில் வந்தபோது இந்த டாஸ்க்பார் வசதியை எடுத்துவிட்டார்கள். 22எச்2 பதிப்பில் திரும்பக் கொடுத்தார்கள்.) இவற்றில் எதற்கும் நாம் ஒரு வரி கோட் எழுதுவதில்லை.

எடுத்துச் செல்லும் சரக்கு விஷயத்தில்தான் கவனம் வேண்டும். 'டிராக்ஸ்டார்ட்' நேரத்தில் 'டேட்டாட்ரான்ஸ்ஃபர்' என்ற ஆப்ஜெக்ட்டில் 'செட்-டேட்டா' மூலம் ஒரு வகைப் பெயரும் ஒரு சரமும் வைக்கலாம். சரம் மட்டும்தான் பயணம் செய்யும். ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்ட்டோ ஃபங்ஷனோ போகாது. வகைப் பெயர் 'டெக்ஸ்ட்/பிளெயின்', 'டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்', 'டெக்ஸ்ட்/யூஆர்ஐ-லிஸ்ட்' என்றால் எந்த அப்ளிகேஷனுக்கும் புரியும். நமக்கென்று ஒரு தனி வகைப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். அதை அதே பிரவுசரின் இன்னொரு விண்டோ படித்துவிடும், வேறு பிரவுசரிடம் எதிர்பார்க்கக் கூடாது. குரோமியம் குடும்பம் (குரோம், எட்ஜ் போன்றவை) இப்படிப்பட்ட தனி வகைகளையெல்லாம் தன் சொந்தப் பொட்டலம் ஒன்றில் கட்டித்தான் சிஸ்டத்திடம் கொடுக்கிறது. ஃபயர்பாக்ஸுக்கு அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கத் தெரியாது. சஃபாரி இன்னும் கறார். தனி வகைத் தரவை அதே ஒரிஜினை (புரோட்டோகால், டொமைன், போர்ட் மூன்றும் சேர்ந்த தள அடையாளத்தை) சேர்ந்த பக்கத்துக்கு மட்டுமே காட்டும்.

இன்னொரு கட்டுப்பாடு முதல் முறை செய்பவர்களைக் கட்டாயம் தடுமாற வைக்கும். தரவைப் படிக்க 'டிராப்' நேரத்தில் மட்டுமே அனுமதி. அதற்கு முன் 'டிராக்ஓவர்' நடக்கும்போது வகைப் பெயர்கள் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. இது கோளாறு இல்லை, பாதுகாப்பு. நீங்கள் வங்கிப் பக்கத்திலிருந்து எதையோ இழுத்துக்கொண்டு போகும் வழியில் குறுக்கே கிடக்கும் எந்தத் தளமும் அதை எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. ஆனால் நம் டெலிவரி உதாரணத்தில் குளிர்பதன வண்டிக்கு மட்டுமே ஐஸ்கிரீம் ஆர்டர் போக வேண்டும் என்றால், போடுவதற்கு முன்பே பச்சை சிவப்பு காட்டியாக வேண்டுமே? வழி இருக்கிறது. வகைப் பெயரிலேயே அந்தத் தகவலை வைத்துவிடலாம். சாதாரண ஆர்டருக்கு ஒரு வகைப் பெயர், குளிர் ஆர்டருக்கு வேறொன்று. ஒன்றை மறக்க வேண்டாம்: வகைப் பெயரில் உள்ள பெரிய எழுத்துகளையெல்லாம் பிரவுசர் சிறிய எழுத்தாக்கிவிடும். பெரிய எழுத்து கலந்த ஐடியை அங்கே ஒளித்து வைத்தால் மறுபக்கம் பொருந்தாது.

போய்ச் சேர்ந்த செய்திக்கு 'டிராக்எண்ட்' இருக்கிறது. எந்த விண்டோவில் விழுந்தாலும் அது கிளம்பிய விண்டோவுக்கு வரும். அதில் 'டிராப்எஃபெக்ட்' என்ன என்று பார்த்தால் நகர்த்தியதா, நகலெடுத்ததா, கைவிட்டதா என்று தெரியும். ஏட்டில் இது அழகாக இருக்கிறது. நடைமுறையில் இதை நம்பி இடது பக்கத்து வரியை அழிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பயனர் தவறிப்போய் அதை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் போட்டுவிட்டால்கூட, எடிட்டர் எழுத்தை ஏற்றுக்கொண்டு "வெற்றி" என்றுதான் சொல்லும். வண்டிப் பக்கத்தில் விழுந்திருந்தாலும் 'டிராப்' நடந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அதன்பின் சர்வரில் பதிவானதா என்பது அதற்குத் தெரியாது. மேக்கில் இழுப்பு தோற்றால் நிழல் படம் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகும் அனிமேஷன் முடிந்த பிறகுதான் 'டிராக்எண்ட்' வரும், கொஞ்சம் தாமதமாக. இழுத்துக்கொண்டிருக்கும்போதே அந்த எலிமென்ட்டை டாமிலிருந்து (பக்கத்தின் எலிமென்ட்களைப் பிரவுசர் வைத்திருக்கும் அமைப்பிலிருந்து) எடுத்துவிட்டால் வராமலே போவதும் உண்டு. நீளமான பட்டியலில் கண்ணில் படும் வரிகளை மட்டும் வரைகிற விர்ச்சுவல் லிஸ்ட் பயன்படுத்துபவர்கள் இதில் அடிக்கடி விழுவார்கள். பின்னணியில் ஒரு புதிய ஆர்டர் வந்து பட்டியல் மறுபடி வரையப்பட்டால் போதும், பிடித்திருந்த வரி காணாமல் போயிருக்கும்.

சத்தமே இல்லாமல் தோற்கும் இடம் ஒன்றும் இருக்கிறது. கிளம்பும் பக்கம் 'எஃபெக்ட்அலவ்ட்' என்பதில் நகர்த்தல் மட்டும் என்று சொல்லியிருக்க, விழும் பக்கம் நகல் என்று கேட்டால் 'டிராப்' ஈவென்ட் வராது. கன்சோலில் ஒரு எச்சரிக்கைகூட இருக்காது. இரண்டு பக்கங்களையும் இரண்டு பேர் எழுதும் குழுக்களில் இதைக் கண்டுபிடிக்கவே அரைநாள் போய்விடும்.

மவுஸை நாமே பின்தொடர்வது

இரண்டாவது வழி, சிஸ்டத்தின் டிராக்கைத் தொடாமல் பாயின்டர் ஈவென்ட்களை வைத்து எல்லாவற்றையும் நாமே செய்வது. ஒரே பக்கத்துக்குள் இதன் அழகே தனி. நிழல் படம் எப்படி வேண்டுமானாலும் ஆடும், வளையும், அருகிலிருக்கும் அட்டைகள் வழிவிட்டு நகரும். டச் ஸ்கிரீனிலும் அதே கோட் ஓடும். டிஎன்டி-கிட் லைப்ரரி இந்த வழியைத்தான் எடுத்திருக்கிறது. எச்டிஎம்எல் டிராக் அண்ட் டிராப்பின் மேல் கட்டவில்லை என்பதையும், அதனால் டெஸ்க்டாப்பிலிருந்தோ இன்னொரு விண்டோவிலிருந்தோ இழுத்து வர முடியாது என்பதையும் தன் ஆவணத்திலேயே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். எதைச் செய்யாது என்று முன்கூட்டியே சொல்கிற லைப்ரரிகள் குறைவு. பாராட்ட வேண்டும்.

இதையே விண்டோ தாண்டும்படி நீட்டிக்க முடியாதா? முடியும் என்று காட்டும் டெமோக்கள் பார்க்க வெகு ஜோர். அதன் அடிப்படை இதுதான்: மவுஸ் பட்டனை ஒரு விண்டோவில் அழுத்திப் பிடித்தபடி வெளியே போனால், விடும்வரை அசைவுகள் அந்த முதல் விண்டோவுக்கே வந்துகொண்டிருக்கும். மவுஸ் தலைக்கு மேலேயே நின்றாலும் இரண்டாவது விண்டோவுக்கு எதுவும் தெரியாது. ஆகவே முதல் விண்டோ திரையில் மவுஸ் இருக்கும் இடத்தை 'ஸ்கிரீன்எக்ஸ்', 'ஸ்கிரீன்ஒய்' எண்களாக எடுத்து மற்றதற்கு அனுப்ப வேண்டும். அது தன் சொந்த இடத்தைக் கழித்து, மவுஸ் எந்த எலிமென்ட்டின் மேல் நிற்கிறது என்று கணக்குப் போட வேண்டும்.

அந்தக் கழித்தலில்தான் சிக்கல்கள் தொடங்குகின்றன. விண்டோவின் மூலை எங்கே என்று பிரவுசர் சொல்லும். டேப் பட்டையும் அட்ரஸ் பட்டையும் தாண்டி நம் பக்கம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பெரும்பாலான பிரவுசர்கள் நேரடியாகச் சொல்லாது. வெளி உயரத்திலிருந்து உள் உயரத்தைக் கழித்துப் பார்க்கலாம். யாராவது டெவலப்பர் டூல்ஸைக் கீழே ஒட்டித் திறந்தால் அந்தக் கணக்கு போச்சு. இரண்டாவது விண்டோவில் முன்பு எப்போதோ மவுஸ் அசைந்தபோது வந்த திரை எண்ணுக்கும் பக்க எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேமித்து வைத்துக்கொள்வது இதைவிடப் பரவாயில்லை. ஆனால் விண்டோவை நகர்த்தினால் அது பழசாகிவிடும். பக்கத்தை 125 சதவீதம் பெரிதாக்கி வைத்திருக்கும் பயனர், ஒன்று சாதாரண மானிட்டர் மற்றொன்று 4கே மானிட்டர் என்று வைத்திருக்கும் பயனர், இவர்களிடம் எல்லாம் வேறு வேறு விதமாகத் தப்பும். நடுவில் வேறொரு அப்ளிகேஷன் விண்டோ மறைத்துக்கொண்டிருந்தால் அது நமக்குத் தெரிய வழியே இல்லை, மறைந்திருக்கும் வண்டியின் மேல் ஆர்டர் போய் விழும். நிழல் படமோ முதல் விண்டோவின் விளிம்பில் வெட்டுப்பட்டு மறைந்துவிடும். அதை இரண்டாவது விண்டோவில் தனியாக வரைய வேண்டும், இடையில் உள்ள வெளியில் ஒன்றுமே தெரியாது.

லினக்ஸில் வேலண்ட் இருந்தால் பேச்சே முடிந்தது. திரையில் தன் விண்டோ எங்கே இருக்கிறது என்று எந்த அப்ளிகேஷனுக்கும் வேலண்ட் சொல்வதில்லை, அதன் வடிவமைப்பே அப்படி. வேலண்டில் நேரடியாக ஓடும் பிரவுசரில் விண்டோவின் இடம் சுழியம், சுழியம் என்று வந்து நிற்கும். உபுண்டு, ஃபெடோரா இரண்டிலும் இன்று வேலண்டுதான் இயல்பாக வருகிறது.

டெமோவுக்கும் கலைப் படைப்புக்கும் இந்த வழி சரி. ஒரே கம்பெனிக்குள், ஒரே மாதிரி கணினி, மானிட்டர் இரண்டும் ஒரே வகை, விண்டோக்கள் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் என்று கட்டுப்படுத்தப்பட்ட கண்ட்ரோல் ரூம் போன்ற இடத்திலும் ஓட்டிவிடலாம். மற்ற இடங்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சரக்கு அல்ல, சீட்டு

சரி, பிரவுசரின் டிராக்கையே எடுக்கிறோம். முழு ஆர்டரையும் ஜேசான் என்ற எழுத்து வடிவத் தரவாக்கி உள்ளே வைத்து அனுப்பலாமா, ஐடி மட்டும் போதுமா? கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் தரும் டோக்கனைப் போல, கையில் எண் மட்டும் போகட்டும் என்பது என் கட்சி. காரணம் இருக்கிறது. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் அடங்கிய ஜேசானை 'டெக்ஸ்ட்/பிளெயின்' வகையில் வைத்து, பயனர் கை தவறி அதைச் சாட் பெட்டியிலோ தேடல் பெட்டியிலோ போட்டால் அவ்வளவும் வெளியே போய்விடும். ஐடி போனால் யாருக்கும் பயனில்லை. இழுக்கத் தொடங்கிய நேரத்துக்கும் போட்ட நேரத்துக்கும் இடையில் ஆர்டர் மாறியிருந்தாலும் ஐடி வழியாகப் புதிய நிலவரத்தை எடுத்துக்கொள்ளலாம். சர்வரே இல்லாத, முழுக்க பிரவுசருக்குள் ஓடும் வரைபடக் கருவி போன்றவற்றுக்கு மட்டும் முழுச் சரக்கையும் அனுப்புவதில் நியாயம் இருக்கிறது.

எண்ணை வாங்கிய பக்கம் மீதி விவரத்தை எங்கிருந்து எடுக்கும்? இங்கேதான் விண்டோக்களின் உறவு கணக்குக்கு வருகிறது.

ஒரே தளம், ஒரே பிரவுசர், தனித்தனியாகத் திறந்த விண்டோக்கள் என்றால் பிராட்காஸ்ட்சேனல் போதும். ஒரு பெயர் வைத்துச் சேனல் திறந்தால், அதே ஒரிஜினில் அதே பெயரில் திறந்த எல்லாப் பக்கங்களுக்கும் செய்தி போகும். ஃபயர்பாக்ஸில் 2015 முதலும் குரோமில் 2016 முதலும் இருக்கிறது. சஃபாரி 15.4-இல், 2022 மார்ச்சில்தான் வந்து சேர்ந்தது. அதற்கு முன் லோக்கல்ஸ்டோரேஜில் எதையாவது எழுதி அதன் 'ஸ்டோரேஜ்' ஈவென்ட்டை வைத்து ஒப்பேற்றினார்கள். இப்போது அதற்கு அவசியமில்லை. டிராக்கில் சரம் மட்டுமே போகும் என்றேன் அல்லவா, பிராட்காஸ்ட்சேனலில் ஆப்ஜெக்ட்டுகள், ஃபைல், பிளாப் (மூல பைட்டுகளின் தொகுப்பு) எல்லாம் போகும். இரண்டையும் சேர்த்தால் நல்ல வழி ஒன்று கிடைக்கிறது: டிராக்கில் எண், விழுந்த பக்கம் சேனலில் "இந்த எண்ணின் ஃபைல் யாரிடம்?" என்று கேட்கும், கிளம்பிய பக்கம் கொடுக்கும். இன்னும் சர்வருக்கு ஏற்றாத படத்தைக்கூட இப்படி விண்டோ தாண்டி நகர்த்தலாம். சேனல் பழைய செய்திகளைச் சேமித்து வைக்காது. அந்த நேரத்தில் திறந்திருக்கும் பக்கத்துக்கு மட்டும்தான் கேட்கும். கேட்டுப் பதில் வராவிட்டால் இத்தனை வினாடியில் கைவிடுவது என்று ஒரு வரம்பு வைக்க வேண்டும்.

டிராக்எண்ட் செய்ய முடியாத வேலைக்கும் இந்தச் சேனல்தான் விடை. வண்டிப் பக்கம் சர்வரிடம் சொல்லி, சர்வர் சரி என்ற பிறகு, "இந்த ஆர்டர் இந்த வண்டிக்குப் போயிற்று" என்று சேனலில் அறிவிக்கட்டும். ஆர்டர் பக்கம் அதைக் கேட்டுத்தான் வரியை அழிக்க வேண்டும். அதுவரை வரி மங்கலாக நிற்கட்டும். ஒரே ஆர்டரை இரண்டு பேர் வேறு வேறு வண்டிக்கு இழுத்தால் யார் வென்றார் என்பதைச் சர்வர் முடிவு செய்யட்டும். ஆர்டரோடு ஒரு பதிப்பு எண் வைத்து, பழைய எண்ணோடு வந்தவரைத் திருப்பி அனுப்பினால் போதும். ஏற்கெனவே வெப்சாக்கெட் (சர்வரோடு திறந்தே இருக்கும் இருவழித் தொடர்பு) வைத்து எல்லாத் திரைகளையும் புதுப்பித்துக்கொண்டிருக்கும் அப்ளிகேஷன் என்றால் பிராட்காஸ்ட்சேனலும் தேவையில்லை. சர்வர் அனுப்பும் செய்தியே இரண்டு விண்டோக்களுக்கும் வரும். வேறு பிரவுசர், வேறு கணினி எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். டெலிவரி அலுவலகம் போன்ற இடத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது இந்தக் கூட்டணிதான்: பிரவுசரின் டிராக், உள்ளே ஐடி, பதிவானது என்ற உறுதி சர்வரிடமிருந்து.

பெற்ற விண்டோ, பிறந்த விண்டோ

ஒரு விண்டோ மற்றொன்றைத் திறந்திருந்து, இரண்டும் ஒரே ஒரிஜின் என்றால் வேறொரு சலுகை உண்டு. ஒன்றின் ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்ட்டை மற்றொன்று நேரடியாகத் தொடலாம். இழுக்கும்போது ஆர்டரை ஒரு வேரியபிளில் வைத்துவிட்டு, போடும் இடத்தில், தன்னைத் திறந்த விண்டோவைக் காட்டும் 'ஓப்பனர்' வழியாக அதை எடுத்துக்கொண்டால் முடிந்தது. 'டிராக்ஓவர்' நேரத்தில் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது என்ற தடையும் இங்கே இல்லாமல் போகிறது, தரவு டிராக்கில் போகவே இல்லையே.

இந்த அமைப்புக்கு நல்ல உதாரணம் விஎஸ் கோட் என்ற கோட் எடிட்டர். 2023 நவம்பர் பதிப்பான 1.85-இல் எடிட்டர் டேபைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டால் தனி விண்டோவாக மிதக்கும் வசதி வந்தது. அது எலக்ட்ரானில் (வெப் தொழில்நுட்பத்தை வைத்து டெஸ்க்டாப் அப்ளிகேஷன் கட்டும் அடித்தளத்தில்) ஓடுகிறது என்றாலும், அந்த மிதக்கும் விண்டோக்கள் தாய் விண்டோவின் கோடை வைத்தே வரையப்படுபவை. டாக்கிங் லேஅவுட் லைப்ரரிகள் சிலவும் பாப்அவுட் வசதியை இப்படித்தான் செய்கின்றன.

ஈர்ப்பு இருக்கிறது, கண்ணிகளும் இருக்கின்றன. தாய் விண்டோவை ரீலோட் செய்தால் மக்கள் எல்லாம் அனாதை. பிள்ளை விண்டோவின் எலிமென்ட் வேறொரு உலகத்தைச் சேர்ந்தது என்பதால், ஓர் ஆப்ஜெக்ட் எந்த வகை என்று பார்க்கும் 'இன்ஸ்டன்ஸ்ஆஃப்' சோதனை தோற்கும். லைப்ரரிகளுக்குள் அந்தச் சோதனை ஒளிந்திருந்தால் கண்டுபிடிப்பது பாடு. சாதாரண லிங்கில் புதிய டேப் திறந்தால் இப்போதைய பிரவுசர்கள் 'ஓப்பனர்' கொடுப்பதே இல்லை, 'விண்டோ.ஓபன்' மூலமே திறக்க வேண்டும். இரண்டு பக்கங்களுக்கும் கிராஸ்-ஒரிஜின்-ஓப்பனர்-பாலிசி ஹெடர் (பக்கத்தோடு சர்வர் அனுப்பும் பாதுகாப்புக் குறிப்பு) ஒரே மாதிரி இல்லாவிட்டால் அந்த உறவு அறுந்துவிடும். பாதுகாப்புக் குழு ஒருநாள் ஒரு ஹெடர் சேர்த்ததும் உங்கள் டிராக் நின்றுபோவது இப்படித்தான்.

வெறும் வெளியில் போட்டால் புது விண்டோ திறக்கட்டும் என்று கேட்பவர்களும் உண்டு. டிராக்எண்ட்டில் எஃபெக்ட் 'நன்' (எங்கும் ஏற்கப்படவில்லை) என்று வந்து, மவுஸ் விண்டோவுக்கு வெளியே இருந்தால் திறந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பாப்அப் திறக்கப் பயனரின் அண்மைய செயல் ஒன்று வேண்டும், டிராக்எண்ட் அந்தப் பட்டியலில் இல்லை. முதலில் மவுஸை அழுத்தியதே கணக்கு, அதன் ஆயுளோ சில வினாடிகள். வேகமாக இழுத்தால் திறக்கும், யோசித்து யோசித்து இழுப்பவருக்குப் பிளாக் ஆகும். எலக்ட்ரானில் இந்தத் தொல்லை இல்லை. வெப்பில் இதற்கு ஒரு பட்டன் வைப்பதே மேல்.

லைப்ரரியாக ஒன்றைச் சொல்லச் சொன்னால், ரியாக்ட் (திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) இருந்தாலும் இல்லாவிட்டாலும் அட்லாசியனின் பிராக்மாட்டிக் டிராக் அண்ட் டிராப்பை முதலில் பார்க்கலாம். பிரவுசரின் டிராக் மேல்தான் கட்டியிருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் இழுப்புகளுக்கென்று தனி அடாப்டரே உண்டு. சார்ட்டபிள்-ஜேஎஸ்ஸும் இயல்பில் பிரவுசரின் டிராக்கையே எடுக்கிறது. ஆனால் எதை இழுக்கிறோம் என்பதைத் தன் பக்கத்து நினைவில்தான் வைத்திருக்கும், இன்னொரு விண்டோவில் விழும்போது வாங்கிக்கொள்ளும் கோடை நாமே எழுத வேண்டும். ரியாக்ட்-டிஎன்டியும் ஏறக்குறைய அதே கதை.

அந்நியர்கள்

வேறு தளம், வேறு பிரவுசர் என்றால் ஒப்பிட அதிகம் இல்லை. பிரவுசரின் டிராக் மட்டும்தான் அங்கே போகும், அதிலும் எல்லோருக்கும் புரியும் மூன்று வகைகளை மட்டுமே நம்பலாம். ஆர்டருக்கு ஒரு யூஆர்எல் இருந்து அதை 'டெக்ஸ்ட்/யூஆர்ஐ-லிஸ்ட்' வகையில் வைத்தால் நல்லது. மறுபக்கம் அந்த யூஆர்எல்லிலிருந்து ஐடியைப் பிரித்துக்கொள்ளும். தெரியாத இடத்தில் விழுந்தாலும் ஒரு லிங்க்காகவாவது பயன்படும். விண்டோஸில் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடும் அப்ளிகேஷனுக்குச் சாதாரணமாக ஓடும் ஒன்றிலிருந்து இழுத்துப் போட முடியாது என்பதும் இங்கே நினைவிருக்கட்டும். "எங்கள் கணினியில் மட்டும் வேலை செய்யவில்லை" என்ற புகாரில் நான் முதலில் கேட்கும் கேள்வி அது.

விழுவது எதுவானாலும் வெளியாள் கொடுத்ததாகவே நடத்த வேண்டும். குரோமியத்தில் எந்தத் தளமும் உங்கள் தனி வகைப் பெயரை வைத்து எதையும் அனுப்பலாம், வகைப் பெயர் அடையாளச் சான்று ஆகாது. 'டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்' வந்தால் அப்படியே பக்கத்தில் செருகினால் எக்ஸ்எஸ்எஸ் (வெளியாளின் ஸ்கிரிப்ட் உங்கள் பக்கத்தில் ஓடும் தாக்குதல்) கதவைத் திறந்து விட்டதாகும். அப்புறம், நீங்கள் கவனிக்காத இடத்தில் லிங்க் அல்லது ஃபைல் விழுந்தால் பிரவுசர் அதைத் திறக்கப் பார்த்து உங்கள் பக்கத்தையே விட்டுப் போய்விடும். பாதி நிரப்பிய படிவம் போயே போச்சு. விண்டோ முழுவதற்கும் 'டிராக்ஓவர்', 'டிராப்' இரண்டையும் பிடித்துத் தடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

இழுக்காமல் நகர்த்துவது

இதைக் கடைசியில் வைத்தாலும் தள்ளுபடி செய்ய முடியாது. வெப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான வழிகாட்டி டபிள்யூசிஏஜி. 2023 அக்டோபரில் வெளியான அதன் 2.2 பதிப்பில், 2.5.7 என்ற விதி ஏஏ நிலையில் இருக்கிறது. இழுத்துச் செய்யும் வேலைக்கு, இழுப்பது தவிர்க்கவே முடியாதது என்றால் ஒழிய, இழுக்காமல் ஒற்றைப் பாயின்டரால் (கிளிக், தட்டல் போல) செய்யும் மாற்று வழி இருக்க வேண்டும் என்கிறது அது. கைநடுக்கம் உள்ளவர்களுக்கு மட்டுமல்ல, டிராக்பேடில் இரண்டு மானிட்டர் தாண்டி இழுக்கப் பார்த்தவர்களுக்கும் அதன் அருமை தெரியும். ஆர்டர் வரியில் 'வண்டிக்கு அனுப்பு' என்று ஒரு மெனு வைத்துவிட்டால் விதி நிறைவேறிவிடும்.

அதோடு இன்னொன்றையும் கிட்டத்தட்ட இலவசமாகப் பெறலாம். காப்பி, பேஸ்ட் ஈவென்ட்களில் வரும் 'கிளிப்போர்டுடேட்டா' என்பதும் டேட்டாட்ரான்ஸ்ஃபர் ஆப்ஜெக்ட்தான். டிராக்குக்காகப் பொட்டலம் கட்டவும் பிரிக்கவும் எழுதிய அதே இரண்டு ஃபங்ஷன்களை அங்கேயும் கூப்பிடலாம். இடது விண்டோவில் ஆர்டரைத் தேர்ந்து கண்ட்ரோல்-சி, வலது விண்டோவில் வண்டியைத் தேர்ந்து கண்ட்ரோல்-வி. வித்தியாசம் ஒரே இடத்தில்தான்: காப்பி ஈவென்ட்டில் நாம் வைத்த தரவு நிற்க வேண்டுமானால் பிரிவென்ட்டீஃபால்ட் கூப்பிட வேண்டும், டிராக்ஸ்டார்ட்டில் அதையே கூப்பிட்டால் இழுப்பு ரத்தாகிவிடும். ஒரே ஃபங்ஷனுக்குள் இரண்டையும் சேர்த்து எழுதும்போது அந்த ஒரு வரியை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.